வாரத்துக்கு நூற்று அறுபத்தாறு மணி நேரம்

உள்பங்கம்மா என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் தெரியாதவர் கிடையாது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு நிதி வாரியத்துக்கு விண்ணப்பம் போடும் பேராசிரியர் எவராக இருந்தாலும், கடைசியில் அவள் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். வாரியம் சும்மா கொடுத்துவிடாது. "நாங்கள் இவ்வளவு தருகிறோம், சரி. உங்கள் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து என்ன போடுகிறது?" என்று கேட்கும். பல்கலைக்கழகத்தின் கையில் காசு என்றைக்கு இருந்தது? அதனால் காசுக்குப் பதிலாக இடம் தருகிறோம், கருவி தருகிறோம், ஆள் தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் உள்பங்கு. அதற்கென்று நான்கு பக்கப் படிவம் ஒன்று உண்டு. அந்தப் படிவத்தை நிரப்பி, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுப்பதைப் பதினெட்டு வருடமாகச் செய்துவந்தவள் அவள். வேலையின் பெயரே ஆளோடு ஒட்டிக்கொண்டது.

விண்ணப்பத்தின் கடைசி நாளை வாரியம் ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்துவிடும். பேராசிரியர்கள் அதற்கு முந்தின நாள் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். அவர்களில் முதலிடம் மீன்களுக்குக் காது எப்படிக் கேட்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மீன் பேராசிரியைக்கு.

"அம்மா, உள்பங்குல ஏதாவது போட்டுக் குடுங்களேன்."

"என்ன போடணும் மேடம்?"

"உங்களுக்குத் தெரியாததா? வழக்கமா போடறதுதான். அந்தக் கீழ்த்தள அறை, அப்புறம் நம்ம மீட்டர்ல ஒரு இருபது சதவீதம்."

மீட்டர் என்பது கருவியல்ல, மனிதர். ஆய்வுக்கூடங்களில் எந்த இயந்திரம் முனகினாலும் போய்ப் பார்க்கும் ஒரே தொழில்நுட்பப் பணியாளர். சட்டைப்பையில் எப்போதும் மின்சாரம் அளக்கும் மீட்டர் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நாற்பத்தாறு வயது. உள்பங்கம்மாவைவிட ஆறு வயது இளையவர் என்பதால் அவளை அக்கா என்பார். இவள் தம்பி என்பாள். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்தான்.

உள்பங்கம்மா கேட்டதைப் போட்டுக் கொடுப்பாள். படிவம் அந்தந்தப் பேராசிரியரின் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்துக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்தக் கோப்புக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பதினெட்டு வருடத்தில் யாருக்கும் வரவுமில்லை.

ஒருநாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நடப்பிலுள்ள எல்லாத் திட்டங்களுக்கும் பல்கலைக்கழகம் தருவதாகச் சொன்ன உள்பங்குகளை ஒரே பதிவேட்டில் தொகுத்து அனுப்ப வேண்டும். பிறகு அதிகாரி ஒருவர் நேரில் வந்து சரிபார்ப்பார்.

பதிவாளர் கடிதத்தை அவளிடம் தள்ளினார். நல்ல மனிதர். கோபப்பட மாட்டார், படிக்கவும் மாட்டார். கையெழுத்துப் போடும்போது காகிதத்தைப் பார்க்காமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் உங்க கையால எழுதினதுதானேம்மா. சேத்து வச்சா முடிஞ்சுது."

சேர்த்து வைக்கத்தான் மூன்று வாரம் ஆனது. முப்பத்தேழு திட்டங்கள், முப்பத்தேழு கோப்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் அறை, கருவி, ஆள் என்று பிரித்து எக்செல்லில் ஏற்றினாள். எதையும் அரைகுறையாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கடைசியில் எல்லாப் பட்டியலுக்கும் கீழே மொத்தம் என்று ஒரு வரிசை போட்டாள். போட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

கீழ்த்தள அறை ஒன்பது திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒன்பதிலும் "முழுமையாக" என்ற சொல் இருந்தது. அவளே தட்டச்சு செய்த சொல். குளிர்பெட்டி ஒன்று பதினோரு திட்டங்களுக்கு வாக்கப்பட்டிருந்தது. மீட்டரின் நேரம் இருபத்து மூன்று திட்டங்களில் பத்து, இருபது, இருபத்தைந்து என்று பங்கு போடப்பட்டு, மொத்தம் நானூற்றுப் பதினைந்து சதவீதத்தில் வந்து நின்றது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை என்றால், நானூற்றுப் பதினைந்து சதவீதத்துக்கு நூற்று அறுபத்தாறு மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பதே நூற்று அறுபத்தெட்டு. தூங்க, குளிக்க, சாப்பிட, பெண்டாட்டி பிள்ளைகளோடு பேச என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மீட்டருக்குப் பல்கலைக்கழகம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விட்டுவைத்திருந்தது.

எங்கோ கணக்குப் பிசகியிருக்கும் என்று நினைத்து இரண்டு தரம் சரிபார்த்தாள். கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. சரி, அந்த அறையையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று கீழே இறங்கிப் போனாள். எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்த அறைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். பூட்டே இல்லை. உள்ளே கால் உடைந்த நாற்காலிகள் கூரையைத் தொடும்படி அடுக்கிக் கிடந்தன. மூலையில் ஒரு கழுவுதொட்டி. ஆணியில் யாரோ மாட்டி மறந்த வெள்ளை அங்கி. ஒன்பது விஞ்ஞானங்கள் நம்பிக்கொண்டிருந்த இடம் அவ்வளவுதான்.

மேலே வந்து பட்டியலை மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. படிவத்தின் நான்காம் பக்கத்தில் முன்கூட்டியே அச்சடித்த ஒரு வரி உண்டு: "ஆவணப் பணியாளர் நேரம்: ஐந்து சதவீதம்." ஆவணப் பணியாளர் வேறு யார்? முப்பத்தேழு ஐந்து நூற்று எண்பத்தைந்து. அவளும் தன்னை அறியாமல் கிட்டத்தட்ட இரண்டு ஆளாக வேலை செய்துகொண்டிருந்தாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீ அங்க நூத்தி எண்பத்தஞ்சுன்னா, இங்க வந்து நிக்கறது யாரு?"

"விளையாடாதீங்க. அதிகாரி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"இதுல கலங்க என்ன இருக்கு? லிஃப்ட்ல எட்டுப் பேர்னு எழுதியிருக்கும். ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும், கதவு மூடாது. உங்க படிவத்துக்கு மணியே வைக்கலை. ஊரே ஏறி நின்னுக்கிட்டிருக்கு."

"இப்ப மொத்தம்னு ஒரு வரிசை போட்டிருக்கேன்."

"அப்ப மணி வச்சிட்டே. யாரு வந்து ஒயரைப் பிடுங்கறாங்கன்னு பாரு."

பிடுங்க அதிக நாள் ஆகவில்லை. மறுநாள் பதிவாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"ரொம்ப அழகா வந்திருக்கும்மா. கலர் எல்லாம் போட்டிருக்கீங்க."

"நன்றிங்க சார். கடைசி வரிசையைப் பாத்தீங்களா?"

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்ட பிறகும் எண் அப்படியேதான் இருந்தது.

"வாரியம் மொத்தம் கேட்டிருக்காங்களா?"

"ஒரே பதிவேடா குடுங்கன்னு கேட்டிருக்காங்க."

"ஆங். பதிவேடு கேட்டிருக்காங்க. மொத்தம் கேக்கலை. கேக்காததை நாமளா ஏம்மா சொல்லணும்? அதிகப்பிரசங்கித்தனமா இருக்கும்."

"வெறும் கூட்டல்தானே சார்."

"கூட்டினாத்தாம்மா கூட்டல். கூட்டாத வரைக்கும் அதெல்லாம் தனித்தனி எண்ணு. பாவம், அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

உள்பங்கம்மா ஒன்றும் வீராங்கனை இல்லை. ஓய்வு பெற ஆறு வருடம் பாக்கி இருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள். திரும்பிப் போய் மொத்த வரிசையை எடுத்துவிட்டாள். பதிவாளர் பதினோரு பக்கத்திலும் பேனாவைப் பார்த்தபடி கையெழுத்திட்டார். ஒரு பிரதி வாரியத்துக்குப் போனது. இன்னொன்று அவள் அலமாரிக்குப் போனது. அதோடு விட்டது சனியன் என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த வாரம் மதியம் மீட்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்கக்கா. இடுப்பெலும்பு. பன்னெண்டு நாள்ல ஆபரேஷன். அதுக்கப்புறம் ஆறு வாரம் தூக்கி உக்கார வைக்க ஆள் வேணுமாம். நான் ஒரே பிள்ளை."

"லீவ் போட்டுட்டுப் போங்க."

"மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். பதிவாளர் அலுவலகத்தின் குறிப்பு: "இன்றியமையாப் பணியாளர். இருபத்து மூன்று திட்டங்கள் இவரை நம்பியுள்ளன. மேலும், ஆண்டு விடுப்பு முப்பது நாள் மட்டுமே. கேட்டிருப்பதோ நாற்பத்திரண்டு. இயலாது."

"நான் எப்பக்கா இவ்வளவு பெரிய ஆளானேன்?" என்றார் மீட்டர். குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "பதினாலு வருஷமா ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் கேட்டுக்கிட்டிருக்கேன். அது இன்னும் வரலை. என்னை நம்பி இருபத்து மூணு திட்டமாம். யாரு வந்து எங்கிட்ட சொன்னாங்க?"

உள்பங்கம்மாவும் தன் டப்பாவை மூடினாள். அந்த இருபத்து மூன்றையும் தட்டச்சு செய்தது அவள் விரல்கள். ஒரு தடவையாவது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனிடம் "தம்பி, உங்களை எழுதிக் கொடுக்கிறேன்" என்று சொல்லியிருப்பாளா? அறை போல, குளிர்பெட்டி போல, அவரையும் ஒரு வரியாகத்தான் எழுதினாள். மேசைக்குத் திரும்பியதும் விதிப்புத்தகத்தைத் தூசி தட்டினாள். புத்தகத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை, ஏனென்றால் வேறு யாரும் அதைப் படித்ததில்லை. மாலை மூன்று மணிக்கு அவள் தேடியது கிடைத்தது.

மறுநாள் காலை மீட்டரின் பெயரில் புதிய விடுப்பு விண்ணப்பம் ஒன்றைப் பதிவாளர் முன் வைத்தாள். பின்னால் இரண்டு இணைப்புகள்.

"என்னம்மா இது? ஆண்டு விடுப்புத் தகுதி நூத்தி இருபத்து நாலரை நாளா?"

"விதிப்படி சார். 'பணியாளர் ஒருவரின் விடுப்பு, அவர் பணிபுரியும் நேரத்தின் சதவீதத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படும்.' நூறு சதவீதத்துக்கு முப்பது நாள். இவருக்கு நானூத்திப் பதினஞ்சு."

"அது பகுதிநேர ஆளுங்களுக்காக வச்ச விதி!"

"அப்படி எங்கயும் போடலை சார். 'பணியாளர் ஒருவர்'னுதான் இருக்கு. நூலகத்துல பாதி நேரம் வர்ற பொண்ணுக்குப் போன மாசம் பதினஞ்சு நாளை வெட்டினது இதே விதியை வச்சுத்தான்."

"ஏம்மா, ஒரு மனுஷன் எப்படி நானூத்திப் பதினஞ்சு சதவீதம் வேலை செய்வான்?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. உள்பங்கம்மா இரண்டாவது இணைப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். அவருடைய பதினோரு கையெழுத்துகள்.

"செய்யறார்னு நாம எழுதிக் குடுத்திருக்கோம் சார். தப்புன்னா சொல்லுங்க, வாரியத்துக்குத் திருத்தம் அனுப்பிடலாம்."

அவள் மிரட்டவில்லை. திருத்தம் அனுப்பவும் ஒரு படிவம் உண்டு; கேட்டால் உடனே கொடுக்க வேண்டுமே என்று அதையும் நிரப்பிக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அவ்வளவுதான். பதிவாளர் அந்தப் படிவத்தைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவருக்கு எத்தனை நாள் வேணும்?"

"நாப்பத்திரண்டு சார். மிச்சம் எண்பத்திரண்டரை நாள் அவர் கணக்குல இருக்கும்."

"அந்த மிச்சத்தைப் பத்தி வெளியில பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் காகிதத்தை முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மீட்டர் ஊருக்குப் போன மூன்றாம் நாள் மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று ஊளையிட்டது. ஐந்தாம் நாள் குளிர்பெட்டி வெந்நீர்ப் பெட்டியானது. எட்டாம் நாள் மீன் பேராசிரியையின் தொட்டியில் காற்றுப் பம்பு நின்றுபோய், அவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக் காற்றேற்றிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்ததும் ஈரச் சேலையோடு உள்பங்கம்மாவிடம் வந்தார்.

"அம்மா, மீட்டர் எங்கே?"

"லீவ்ல இருக்கார் மேடம்."

"மத்தவங்க பங்கு லீவ்ல போகட்டும். என்னோட இருபது சதவீதமாவது வரக்கூடாதா?"

நான்காம் வாரம் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. நடக்க வசதியான தட்டைச் செருப்பு, தோளில் துணிப்பை. முந்தின நாளே உடைந்த நாற்காலிகள் எல்லாம் மொட்டை மாடிக்குக் குடிபோயிருந்தன. கீழ்த்தள அறைக் கதவில் ஒன்பது திட்டங்களின் பெயர்ப்பலகைகளை ஒட்டியிருந்தார்கள். கைப்பிடி ஒன்றைத் தவிரக் கதவே தெரியவில்லை.

"ஒன்பது குழுவும் இதுக்குள்ளதான் வேலை செய்றாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"சுழற்சி முறை மேடம்" என்றார் பதிவாளர்.

அதிகாரி உள்ளே போய் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார். "சுத்துறதுக்கு இடம் வேணுமே சார்."

பிறகு உள்பங்கம்மாவின் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார். துணிப்பையிலிருந்து பழைய கால்குலேட்டர் வெளியே வந்தது. பதிவாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொத்தம் ஏன் போடலைம்மா?"

உள்பங்கம்மா பதிவாளரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை; அவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"போட்டிருந்தேன் மேடம். கேக்கலையேன்னு எடுத்துட்டோம்."

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தட்டிக்கொண்டே போனார். மீட்டர் வரிசையின் கடைசியில் கால்குலேட்டரைத் திருப்பி வைத்துக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நானூத்திப் பதினஞ்சு. பரவாயில்லை. போன மாசம் ஒரு இடத்துல அறுநூத்திப் பத்து பாத்தேன். விசாரிச்சா அந்த ஆள் செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம். ஆனா இன்னும் முப்பது திட்டத்துல வேலை செய்றார். உங்க ஆளு உயிரோட இருக்காருல்ல?"

"இருக்கார் மேடம். அம்மாவுக்கு ஆபரேஷன், போயிருக்கார்."

"நல்லது. திரும்பி வரட்டும்."

இரண்டு மாதம் கழித்து வாரியத்தின் கடிதம் வந்தது. இனிப் பதிவேட்டில் மொத்தம் கட்டாயம். எந்த ஆளும் எந்த அறையும் நூறைத் தாண்டக் கூடாது. ஒரு வருடத்துக்குள் சரிசெய்யாவிட்டால் புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா. பல்கலைக்கழகம் உடனே ஒன்பது பேர் கொண்ட குழுவை அமைத்தது. குழு பதினோரு தடவை கூடியது. சதவீதம் என்பதை எடுத்துவிட்டுப் "புள்ளிகள்" என்று போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார் ஒருவர். கருவிகளுக்கு மட்டும் நாள் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் கணக்கு உண்டு என்பதால், மீட்டரைப் பணியாளர் பட்டியலிலிருந்து கருவிப் பட்டியலுக்கு மாற்றிவிடலாம் என்றார் இன்னொருவர். இதை ஊரிலிருந்து திரும்பியிருந்த மீட்டரிடம் உள்பங்கம்மா சொன்னபோது, "மாத்தட்டும்க்கா. வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு எண்ணெய் போட்டுச் சர்வீஸ் பண்ணுவாங்கல்ல" என்றார். அவர் அம்மா கைத்தடியோடு தெருமுனை வரை நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த நிம்மதியில் எதையும் சிரித்துக்கொண்டே சொல்ல அவரால் முடிந்தது.

பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் பல்கலைக்கழகம் முழுநேரத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளரையும் அரைநேரத்துக்கு ஒருவரையும் நியமித்தது. மீட்டரின் இருபத்து மூன்று திட்டங்கள் ஒன்பதாகக் குறைந்தன. கீழ்த்தள அறை இரண்டு பேருக்குப் போனது. மற்ற ஏழு பேரும் உள்பங்கம்மாவிடம் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் தன் வரியையும் விடவில்லை. ஐந்து சதவீதத்தை இரண்டாக்கினாள். எழுபத்து நான்கு. மீதியில்தான் மற்ற வேலைகள்.

படிவத்தை மறுபடி அச்சுக்கு அனுப்பும்போது நான்காம் பக்கத்தின் அடியில் யாரையும் கேட்காமல் அவளே ஒரு வரி சேர்த்தாள்: "மேலே பெயர் குறிக்கப்பட்டவர் இதைப் படித்துச் சம்மதிக்கிறார்." பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு. எழுதுபொருள் பட்டியல்களோடு சேர்ந்து அதுவும் பதிவாளர் மேசைக்குப் போய், வழக்கம்போலப் படிக்கப்படாமலே கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அந்தப் புதிய படிவத்தோடு முதலில் வந்தவர் மீன் பேராசிரியைதான். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"மீட்டர்ல எவ்வளவு மிச்சம் இருக்கும்மா?"

"பத்து சதவீதம் இருக்கு மேடம். ஆனா நான் குடுக்க முடியாது. அவர்தான் கையெழுத்துப் போடணும்."

பேராசிரியைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். பின்னாலேயே உள்பங்கம்மாவும் போனாள். வேலையறையில் மீட்டர் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். நான்கு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து படித்தார். பேராசிரியை நின்றுகொண்டிருந்தார், அங்கே இருந்தது ஒரே நாற்காலி, அதில் பம்பின் பாகங்கள் கிடந்தன.

"பத்து சதவீதம்னு போட்டிருக்கு மேடம். எந்த நாள்னு போடலையே?"

"அது... உங்களுக்கு எந்த நாள் சௌகரியம்?"

மீட்டர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்க்காதவர் போல, கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார்.

"செவ்வாய்க்கிழமை. காலையில" என்றார். "மத்தியானம் சாப்பிடறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவேன்."

உள்பங்கம்மா பேனாவை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் செவ்வாய் காலை என்று எழுதிவிட்டு, படிவத்தை அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.